ஆப் எதுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி

"லெம்மிக்கு எந்த ஆப் நல்லா இருக்கும்?" ரெடிட்டை விட்டு வெளிய வர்ற யாரா இருந்தாலும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். உடனே ஹாஸ்டல்ல ரெண்டு கட்சி பிரிஞ்சிடும். ஒருத்தன் வாயேஜர்ம்பான், இன்னொருத்தன் ஜெர்போவாம்பான், மூணாவதா ஒருத்தன் வந்து "காசு கொடுத்து சிங்க் வாங்கு, அனிமேஷன் செமயா இருக்கும்"பான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் போகும். என் கருத்து என்னன்னா, இந்தச் சண்டையில போடற நேரத்துல பாதியை இன்னொரு கேள்விக்குக் கொடுக்கணும்: எந்த சர்வர்?

லெம்மின்னா என்னன்னே தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன். பார்க்க ரெடிட் மாதிரியேதான் இருக்கும். தலைப்புவாரியா குழுக்கள், பதிவுகள், கீழ கிளை கிளையா பதில்கள், மேல ஓட்டு, கீழ ஓட்டு. ஆனா ரெடிட் ஒரு கம்பெனி நடத்தற ஒரே இடம். லெம்மி அப்படி இல்ல. அது 2019-ல ஆரம்பிச்ச ஒரு கட்டற்ற மென்பொருள், ரஸ்ட்ல எழுதினது. யார் வேணும்னாலும் எடுத்து தன்னோட சர்வர்ல நிறுவலாம். அப்படி நிறைய சர்வர்கள் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஆள் பொறுப்பு, தனித்தனி விதி. ஆனா எல்லாம் ஆக்டிவிட்டிபப்ங்கிற பொது மொழியில ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது. டபிள்யூ3சி 2018 ஜனவரியில அதைத் தரமா அறிவிச்சது. அதனால ஒரு சர்வர்ல கணக்கு வெச்சுக்கிட்டு இன்னொரு சர்வர்ல இருக்கிற குழுவுல பதில் எழுதலாம்.

இன்னும் புரியலைன்னா தெற்கு மாட வீதிக்கு வாங்க. கீரை விக்கிற அம்மா ஒட்டி வெச்சிருக்கிற க்யூஆர் ஃபோன்பே கொடுத்ததா இருக்கும். நீங்க ஜிபேல ஸ்கேன் பண்றீங்க. உங்க கணக்கு இந்தியன் வங்கி, அவங்களோடது கனரா வங்கி. பணம் போய்ச் சேருது. "எங்கிட்ட ஃபோன்பேதான் இருக்கு, ஜிபேன்னா பக்கத்துக் கடைக்குப் போப்பா"ன்னு யாரும் சொல்றதில்ல. இதுல ஆப் வேற, வங்கி வேற, நடுவுல இருக்கிற யூபிஐ வேற. லெம்மியிலும் அதே மூணு அடுக்கு: ஆப், சர்வர், ஆக்டிவிட்டிபப். (யூபிஐக்கு நடுவுல என்பிசிஐ உட்கார்ந்திருக்கு, ஆக்டிவிட்டிபப்ல நடுவுல யாருமே இல்லையேன்னு சிஎஸ்இ ஆளுங்க சண்டைக்கு வருவாங்க. சரிதான். உதாரணம் அவ்வளவு தூரம்தான் வரும்.)

இந்த மூணு அடுக்கும் பிரிஞ்சு இருக்கிறது ஏன் முக்கியம்னு புரியணும்னா 2023-ல ரெடிட்ல நடந்ததைப் பார்க்கணும். அதுவரைக்கும் ரெடிட்டைப் படிக்க அப்பல்லோ, ரிஃப், சிங்க், பூஸ்ட்னு வெளியாட்கள் எழுதின ஆப்கள் இருந்தன. பல வருஷப் பயனர்கள் ரெடிட்டோட சொந்த ஆப்பைத் தொட்டதே இல்ல. 2023 ஏப்ரல்ல ரெடிட் தன்னோட ஏபிஐக்குக் கட்டணம் வைக்கப் போறதா அறிவிச்சது. விலை ஆயிரம் அழைப்புக்கு 0.24 டாலர். கேட்க சின்னதாத்தான் இருக்கு. அப்பல்லோவை எழுதின கிறிஸ்டியன் செலிக் உட்கார்ந்து கணக்கு போட்டார்: வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர். ஜூன் 12-லேருந்து ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்திப் போராட்டம் நடத்தினாங்க. ரெடிட் அசையலை. ஜூன் 30-ஓட அப்பல்லோ மூடப்பட்டது. ரிஃபும் போச்சு.

அந்தப் போராட்டத்துல அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் இருக்கு. ரெடிட்ல பார்வையற்றவர்களுக்கான ஒரு குழு உண்டு. ரெடிட்டோட சொந்த ஆப் திரைவாசிப்பானோட ஒத்துப்போகாததால அவங்கள்ல பலர் வெளி ஆப்களை நம்பித்தான் இருந்தாங்க. எதிர்ப்பு வந்த பிறகு, லாபநோக்கு இல்லாத சில அணுகல்தன்மை ஆப்களுக்கு மட்டும் ரெடிட் விலக்கு கொடுத்தது. ஆனா அந்தக் குழுவை நடத்தினவங்க அதோட நிற்கலை, ஆர்பிளைண்ட்ங்கிற பேர்ல தங்களுக்குன்னு ஒரு லெம்மி சர்வரையே போட்டாங்க. நமக்கு "யூஐ நல்லா இல்ல"ங்கிறது ஒரு புலம்பல். அவங்களுக்கு உள்ளே போகவே முடியாதுங்கிற விஷயம். ஆப்பைத் தேர்ந்தெடுக்கிற உரிமை யாருக்கு நிஜமா தேவைப்படுதுன்னு யாராவது கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, அப்போ ஆப் எது? கேள்வியை முழுசா தட்டிக் கழிக்கலை, சொல்றேன்.

முதல்ல கவனிக்க வேண்டியது அழகு இல்ல, பாஸ்வேர்டு. மாஸ்டடான்ல ஒரு வெளி ஆப் வழியா நுழையும்போது உங்க சர்வரோட பக்கம் திறக்கும், அங்கதான் பாஸ்வேர்டு கொடுப்பீங்க, ஆப் கையில வெறும் அனுமதிச் சீட்டு மட்டும் வரும். லெம்மியில பொதுவா அப்படி இல்ல. பேரையும் பாஸ்வேர்டையும் அந்த ஆப்லயே டைப் பண்றோம். ஆப் அதை சர்வர்கிட்ட கொடுத்து டோக்கன் வாங்கிக்குது. அதாவது, ஆப் எழுதினவர் நினைச்சா உங்க பாஸ்வேர்டைப் பார்க்கலாம். இது ஒண்ணுக்காகவே நான் மூலநிரல் திறந்திருக்கிற ஆப்களைத்தான் பரிந்துரைப்பேன். ஜெர்போவா, வாயேஜர், தண்டர் மூணும் திறந்த மூலம். சிங்க், லெம்மிக்காக வந்தபோதும் மூடிய மூலம்தான். விளம்பரம் வரும், காசு கட்டினா போகும். எழுதினவர் மேல எனக்குச் சந்தேகம் ஒண்ணும் இல்ல, ஆனா சரிபார்க்க வழி இல்லாத இடத்துல ஜிமெயிலுக்குப் போட்ட அதே பாஸ்வேர்டைப் போடற பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு இருக்கு. எந்த ஆப்னாலும் லெம்மிக்குத் தனி பாஸ்வேர்டு வெச்சுக்கோங்க. ரெண்டடுக்கு உள்நுழைவும் இருக்கு, போட்டுக்கோங்க.

ரெண்டாவது, ஆப்பை யாராவது பராமரிக்கிறாங்களா? 2023 டிசம்பர்ல லெம்மி 0.19 வந்தபோது லாகின் டோக்கனை அனுப்பற முறையே மாறிடுச்சு. சர்வர்கள் புதுப் பதிப்புக்கு மாறினதும், அப்டேட் ஆகாத ஆப்கள்ல கணக்குக்குள்ள போக முடியலை. போன வாரம் வரைக்கும் வேலை செஞ்ச ஆப் இன்னிக்கு வெறும் ஐகான். ஸ்டோர்ல நட்சத்திரத்தைப் பார்க்கிறதுக்குப் பதிலா கடைசியா எப்போ அப்டேட் ஆச்சுன்னு பாருங்க. கிட்ஹப்ல இஷ்யூஸ் பக்கத்தைத் திறந்து, கேட்கிறவங்களுக்குப் பதில் வருதான்னு பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. மினி ப்ராஜெக்ட்டுக்கு லைப்ரரி தேர்ந்தெடுக்கும்போது இதைச் செய்றோம் இல்ல? செய்யணும்னாவது தெரியும்.

மூணாவது தமிழ். இதை எந்த ஆங்கில விமர்சனத்துலயும் எழுத மாட்டாங்க. தமிழ் எழுத்துக்கு வரிக்கு மேலயும் கீழயும் இடம் வேணும். வரி இடைவெளியை ஆங்கிலத்தை மட்டும் மனசுல வெச்சு இறுக்கிப் போட்டிருந்தா கொம்பும் கொக்கியும் வெட்டுப்படும். நம்ம சொற்களும் நீளம், தலைப்பு ரெண்டு வரிக்குள்ள அடங்காம பாதியில புள்ளி புள்ளியா நின்னுடும். அதனால புது ஆப்ல முதல் வேலையா எழுத்து அளவை ரெண்டு படி ஏத்தி, "கீழ்ப்பாக்கத்திலிருந்து திருவான்மியூருக்கு" மாதிரி ஒரு தலைப்பைப் போட்டுப் பாருங்க. அப்புறம் டாக்பேக்கை ஆன் பண்ணி, கண்ணை மூடிக்கிட்டு ஒரு பதிவுக்கு ஓட்டுப் போட முடியுதான்னு பாருங்க. நமக்குத் தேவையில்லைன்னாலும் பாருங்க.

இதையெல்லாம் வெச்சு என் ஓட்டு எதுக்குன்னா: ஆரம்பிக்கிறவங்களுக்கு வாயேஜர். முதல்ல வெஃப்வெஃப்னு ஒரு பேர்ல இருந்தது, அப்பல்லோவைப் பார்த்து அதோட நடையில செஞ்சது. முக்கியமான விஷயம், நிறுவாமலேயே பிரவுசர்ல திறக்கலாம், கணக்கு இல்லாமலேயே சுத்திப் பார்க்கலாம். 64 ஜிபி போன்ல இடமில்லாம தவிக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம். ஆண்ட்ராய்டுல எளிமையா, எஃப்-டிராய்டுலேருந்தே எடுக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஜெர்போவா. லெம்மியை எழுதற குழுகிட்டேருந்தே வர்ற ஆப் அது. பார்க்க சாதுவா இருக்கும். தண்டரும் நல்ல ஆப், ஸ்வைப் பண்ணியே எல்லா வேலையும் முடிக்கிறவங்களுக்குப் பிடிக்கும். ஒண்ணு பிடிக்கலைன்னா அழிச்சிட்டு இன்னொண்ணு. உங்க கணக்கு, நீங்க சேர்ந்த குழுக்கள், எழுதினது எல்லாம் சர்வர்ல இருக்கு, ஆப்ல எதுவும் இல்ல. அதனாலதான் ஆப் சண்டை எனக்கு அவ்வளவு பெரிசா படலை. தப்பான ஆப்பை எடுத்தா நஷ்டம் பத்து நிமிஷம்.

தப்பான சர்வரை எடுத்தா அப்படி இல்ல.

லெம்.ஈஈன்னு ஒரு சர்வர். நல்ல பேர் வாங்கினது, லெம்மியோட பெரிய சர்வர்கள்ல ஒண்ணா இருந்தது. நடத்தினவங்க களைச்சுப்போய் 2025 ஜூன் கடைசியில மூடிட்டாங்க. அதுல இருந்த குழுக்கள் வேற இடத்துக்குக் குடிபோக வேண்டியதாச்சு. கேபின்னு லெம்மிக்குப் பங்காளி மாதிரி ஒரு மென்பொருள் இருந்தது. ஒரே ஆள் தோள்ல ஓடிட்டிருந்த அதோட தலைமை சர்வர் 2024-ல நின்னுபோச்சு. அதைக் கிளை பிரிச்சு எம்பின்னு வேற ஆட்கள் இன்னும் நடத்தறாங்க. சர்வர்கள் ஒண்ணை ஒண்ணு தள்ளி வைக்கவும் செய்யும். 2023 ஜூன்ல ரெடிட்லேருந்து ஒரே நேரத்துல கூட்டம் வந்தப்போ, எங்களால இத்தனை பேரை மேய்க்க முடியாதுன்னு பீஹாங்கிற சர்வர் லெம்மி.வேர்ல்டோட தொடர்பைத் துண்டிச்சது. லெம்மி.வேர்ல்டுல கணக்கு வெச்சிருந்தவங்களுக்கு ஒரே நாள்ல பீஹா குழுக்கள் கை நழுவிப் போச்சு. எந்த ஆப் வெச்சிருந்தாலும் இதுதான் நிலைமை.

யூபிஐ பக்கம் திரும்பிப் பாருங்க. 2024 ஜனவரி 31-ம் தேதி ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மேல கட்டுப்பாடு போட்டது. மார்ச் 15-க்கு மேல அந்த வங்கிக் கணக்குல புதுசா பணம் போட முடியாதுன்னு ஆச்சு. ஆனா பேடிஎம் ஆப் சாகலை. ஆக்ஸிஸ், எச்டிஎஃப்சி, எஸ்பிஐ, எஸ் வங்கிகளோட தோள்ல ஏறி யூபிஐ ஆப்பா இன்னிக்கும் ஓடுது. ஆப் இருக்கும்போதே வங்கி போகலாம், வங்கி இருக்கும்போதே ஆப் போகலாம். வித்தியாசம், இங்க வங்கிக்கு மேல ரிசர்வ் வங்கி இருக்கு, டெபாசிட்டுக்குக் காப்பீடு இருக்கு. லெம்மி சர்வருக்கு மேல யாரும் இல்ல. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து ராத்திரி சர்வரைப் பார்த்துக்கிற ஏதோ ஒரு ஊர்க்காரர்தான் எல்லாம்.

அதனால ஒரு சர்வர்ல கணக்கு திறக்கும்போது வாடகை வீடு பார்க்கிற மாதிரிப் பாருங்க. நடத்தறது ஒரே ஆளா, ஒரு குழுவா? செலவுக் கணக்கை வெளியில சொல்றாங்களா? யாரையெல்லாம் தள்ளி வெச்சிருக்காங்க? சர்வர் முகவரிக்குப் பின்னாடி சாய்கோடு போட்டு இன்ஸ்டன்சஸ்னு ஆங்கிலத்துல அடிச்சா அந்தப் பட்டியல் வரும். அப்புறம், எல்லாரும் போற இடத்துக்கே போகாதீங்க. லெம்மி.வேர்ல்டு இருக்கிறதிலேயே பெரிசு. புதுசா வர்றவங்க பலர் கண்ணை மூடிக்கிட்டு அங்கயே போறாங்க. யூபிஐ கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு, ஆனாலும் ஃபோன்பேயும் ஜிபேயும் சேர்ந்து பரிவர்த்தனையில சுமார் 80 சதவீதத்தை வெச்சிருக்கு. ஒரு ஆப் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு என்பிசிஐ போட்ட விதி தள்ளித் தள்ளி இப்போ 2026 கடைசிக்குப் போயிருக்கு. விதி போட ஆள் இருக்கிற இடத்துலயே இந்தக் கதை. லெம்மியில பரவலாக்கறதை நாமேதான் செய்யணும்.

0.19-ல வந்த நல்ல விஷயம் ஒண்ணு: செட்டிங்ஸ்ல ஏற்றுமதி, இறக்குமதி. சேர்ந்த குழுக்கள், பிளாக் பண்ணவங்க பட்டியல், சேமிச்ச பதிவுகளோட சுட்டிகள் எல்லாம் ஒரு சின்ன கோப்பா வந்துடும், புது சர்வர்ல ஏத்திக்கலாம். நீங்க எழுதின பதிவுகள் கூட வராது. மாசத்துக்கு ஒரு தடவை அந்தக் கோப்பை இறக்கி வெச்சுக்கோங்க.

இதுக்கெல்லாம் ஒரே வரியில பதில் சொல்ற நண்பர்கள் உண்டு: "அங்க யாருமே இல்லையேடா." உண்மைதான். மொத்த லெம்மியிலும் மாசத்துக்கு நடமாடறவங்க சில பத்தாயிரம் பேர்தான், சனிக்கிழமை சாயங்காலம் ரங்கநாதன் தெருவுல அதைவிட அதிகம் இருப்பாங்கன்னு தோணும். தமிழ்ல எழுதறவங்க இன்னும் குறைவு. இப்படி ஒரு அலை முன்னாடியும் வந்து வடிஞ்சிருக்கு. 2019 அக்டோபர் கடைசியில வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவோட ட்விட்டர் கணக்கை முடக்கினப்போ, கோபத்துல நிறைய இந்தியர்கள் நவம்பர்ல மாஸ்டடானுக்குப் போனாங்க. பெரும்பாலானவங்க திரும்பிட்டாங்க. வந்தவங்க தனித்தனியா வந்தாங்க, பேச ஆள் இல்லாம தனித்தனியா போனாங்கன்னுதான் நான் படிக்கிறேன். கோபம் ஒரு வாரம் தாங்கும், பேச்சுத்துணை இல்லாம அதுக்கு மேல தாங்காது.

ஆனா கூட்டம் இருந்தா பத்திரம்னும் சொல்ல முடியலை. ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ம் தேதி மூடப்பட்டது. அண்ணன் அக்காக்களைக் கேளுங்க, ஸ்கிராப்னு ஒரு வார்த்தை சொன்னாலே முகம் மாறும். கூ, பெங்களூருலேருந்து வந்தது, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குன்னே செஞ்சது, முதலீட்டுக்கும் குறைவில்ல. 2024 ஜூலையில கடையைச் சாத்தினாங்க. நம்ம ஜோஹோவோட அரட்டை 2025 செப்டம்பர்ல திடீர்னு எல்லார் போன்லயும் ஏறினப்போ ஸ்ரீதர் வேம்பு சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சது: மெசேஜ் ஆப்களும் யூபிஐ, இமெயில் மாதிரி ஒண்ணோட ஒண்ணு பேசணும், மூடின தோட்டமா இருக்கக்கூடாது. செய்வாங்களா பார்ப்போம். லெம்மியில அது ஏற்கெனவே நடக்குது, அழகா இல்லாட்டியும்.

நம்ம காலேஜுக்கு இதனால என்ன? மூணாவது வருஷத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியும். சீனியர்கள் சேர்த்து வெச்ச லேப் குறிப்பு, எந்தக் கம்பெனி இன்டர்ன்ஷிப்ல நிஜமா வேலை கத்துக்கொடுக்கிறாங்க, அடையாறுல எந்த பிஜியில அட்வான்ஸைத் திருப்பித் தர்றாங்க, எல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல இருக்கு. அட்மின் பாஸ்அவுட் ஆனதும் குரூப் அநாதை. அடுத்த பேட்ச் அதே கேள்வியை முதல்லேருந்து கேட்குது. தேட முடியாது, சுட்டி கொடுக்க முடியாது. இது குழுவா, கிளையா, தேடக்கூடியதா ஒரு இடத்துல இருக்கணும். அதுக்கு லெம்மி சரியான வடிவம்.

"அப்போ நாமே சர்வர் போட்டுடலாம்"னு குதிக்கிற ஆட்களுக்கு ஒரு பிரேக். டாக்கர்ல லெம்மியைத் தூக்கி நிறுத்தறது ஒரு வார இறுதி வேலை. அப்புறம்தான் கதை. ஐடி விதிகள் 2021 படி இடைநிலையாளர் யாரா இருந்தாலும் குறைதீர்ப்பு அதிகாரி பேரை வெளியிடணும், புகார் வந்தா 24 மணி நேரத்துக்குள்ள கிடைச்சதுன்னு சொல்லணும், 7 நாளுக்குள்ள முடிக்கணும். செமஸ்டர் எக்ஸாம் நடக்கும்போது அந்த அதிகாரி யாரு, நீங்களா? முதல்ல இருக்கிற ஒரு நல்ல சர்வர்ல நம்ம துறைக்கு ஒரு குழு ஆரம்பிப்போம். முப்பது பேர் ஒண்ணா வரணும், 2019 மாதிரி ஒவ்வொருத்தரா இல்ல. ஒரு வருஷம் தாங்கினா அப்புறம் சொந்த வீடு பத்திப் பேசலாம். அப்போ கேட்க இந்த ஊர்லயே ஆட்கள் இருக்காங்க: ஐஐடி வளாகத்துல பல வருஷம் மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை கூடின சென்னை லினக்ஸ் பயனர் குழுக்காரங்க, தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காரங்க. கேட்டா சொல்லிக் கொடுக்காம அனுப்ப மாட்டாங்க.

வர்றவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. லெம்மியில தனிச்செய்தி ரகசியம் இல்ல, குறியாக்கம் கிடையாது, அவங்களே அந்தப் பக்கத்துல எழுதி வெச்சிருக்காங்க. நீங்க யாருக்கு மேல ஓட்டு, யாருக்குக் கீழ ஓட்டு போட்டீங்கன்னு சர்வர் அட்மின்களுக்குத் தெரியும். அழிச்ச பதிவும் வேற சர்வர்ல தங்கியிருக்கலாம். எச்ஓடி பத்தின கருத்துகளை கேன்டீன்லயே வெச்சுக்கோங்க.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், இது தெரியாம "தமிழ்ப் பதிவே வரலை"ன்னு புலம்பறவங்க நிறைய. கணக்கோட செட்டிங்ஸ்ல மொழிப் பட்டியல் இருக்கும். அதுல ஆங்கிலம், தமிழ் ரெண்டோட 'அன்டிடர்மின்ட்'ங்கிறதையும் டிக் பண்ணுங்க. மொழி குறிக்காம போடற பதிவெல்லாம் அந்தக் கணக்குலதான் வரும், அதை விட்டுட்டா பாதி லெம்மி காணாம போயிடும். நீங்க எழுதும்போது மட்டும், ஆப் கேட்டா, மறக்காம தமிழ்னு குறிச்சிட்டுப் போடுங்க.